அப்பா குடித்தால் வரவு, பிள்ளை புகைத்தால் வழக்கு

எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி தேய்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். இருபது வருஷமாக என் சட்டைகளின் மானத்தைக் காப்பாற்றி வருபவர். காலை 7 மணிக்குக் கரிப்பெட்டியில் நெருப்பு போடுவார். ராத்திரி 8 மணிக்கு வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அன்றைய வசூலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு நேராக டாஸ்மாக். ஒரு குவார்ட்டர். தெருவில் யாருக்கும் இது ரகசியம் இல்லை. அவரும் மறைத்ததில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாமல் காலிங் பெல். கதவைத் திறந்தால் அண்ணன் நிற்கிறார். கையில் துணி மூட்டை இல்லை.

"சார்... பையனைப் புடிச்சிட்டாங்க."

பையன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். முதல் நாள் ராத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு சிநேகிதர்களோடு நின்றிருக்கிறான். சட்டைப் பையில் இரண்டு பொட்டலம். கஞ்சா. இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் 20 கிராம் தேறாது.

பத்திரிகைக்காரன் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலி போடுவார்கள் என்பது ஊராரின் நம்பிக்கை. எனக்குக் கிடைத்தது வெளியே வேப்பங்காய் உதிர்ந்து கிடந்த பெஞ்சில் பாதி. மீதிப் பாதியில் அண்ணன். மத்தியானம் வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. திடீரென்று கேட்டார்.

"நான் முப்பது வருஷமா குடிக்கிறேன் சார். குடிச்சிட்டு இவன் அம்மாவை அடிச்சிருக்கேன். இவன் ஸ்கூல் ஃபீஸைக் குடிச்சிருக்கேன். ஒருநாள்கூட ஒரு போலீஸ்காரரு என் வீட்டுக் கதவைத் தட்டுனதில்ல. இவன் யாரையும் அடிக்கல, எவன் காசையும் எடுக்கல. இவனுக்குக் கேஸு. இது என்ன சார் நியாயம்?"

என்னிடம் பதில் இல்லை. "ஜாமீன் கிடைச்சிடும்ணே" என்றேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அந்தப் பதில் ஒரு வருஷமாகப் பாக்கி நிற்கிறது. இந்த வாரம் கொஞ்சமாவது அடைக்கலாம் என்று பார்க்கிறேன்.

*

"கஞ்சாவுக்கு வக்காலத்தா?" என்று கடிதம் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டவர்கள் தயவுசெய்து மூடி வையுங்கள். கடைசி வரி வரை பொறுத்திருந்து, பிறகு திட்டுங்கள்.

முதலில் சட்டம். 1985 நவம்பர் 14 முதல் நம் நாட்டில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் அமலில் இருக்கிறது. அதன்படி ஒரு கிலோ வரைக்குமான கஞ்சா 'சிறு அளவு'. அதை வைத்திருந்தால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. குறைந்தது 10 வருஷம், அதிகபட்சம் 20 வருஷம். வைத்திருக்க வேண்டாம், புகைத்தாலே குற்றம்தான். அதற்கு 6 மாதம் வரை உண்டு.

தண்டனையைவிடப் பெரிய தண்டனை ஒன்று இதில் இருக்கிறது. வணிக அளவு என்று வழக்குப் போட்டுவிட்டால் ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. "இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப இடமிருக்கிறது" என்று நீதிபதிக்கே தோன்ற வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே இது எப்படித் தோன்றும்? 2023ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கஞ்சா வழக்கு வந்தது. 23 வயதில் பிடிபட்டவர், 7 வருஷத்துக்கு மேல் உள்ளேயே இருந்திருக்கிறார், வழக்கு முடியவில்லை. முடிவில்லாமல் இப்படி அடைத்து வைக்க முடியாது என்று சொல்லி ஜாமீன் கொடுத்தார்கள்.

இப்போது மது. நம் அரசியல் சட்டத்தின் 47வது பிரிவு, உடல்நலத்தைக் கெடுக்கும் மது வகைகளையும் போதைப்பொருட்களையும் மருத்துவத்துக்கு அல்லாமல் மற்றபடி உபயோகிப்பதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்கிறது. கவனியுங்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அரசியல் சட்டம் எழுதியவர்கள் பந்தியில் இரண்டுக்கும் ஒரே இலைதான் போட்டார்கள். பிரித்து உட்கார வைத்தது நாம்.

தமிழ்நாட்டில் இந்தக் கூத்துக்கு ஓர் அழகான முடிச்சும் உண்டு. 1937ல் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் இருக்கிறதே, அதில்தான் 2003ல் ஒரு திருத்தம் செய்து, சில்லறை மது விற்பனை மொத்தத்தையும் டாஸ்மாக் கையில் கொடுத்தார்கள். அதாவது, மதுக்கடை நடப்பது மதுவிலக்குச் சட்டத்தின்படி! கவனிக்கிற துறையின் பெயரிலும் மதுவிலக்கு உண்டு. 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,800க்கு மேல் கடைகள் மிச்சம் இருந்தன. 2023-24ல் இதில் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

இஸ்திரி அண்ணனின் தினசரி குவார்ட்டரும் அந்த 45,000 கோடியில் ஒரு துளி. அவர் குடித்தால் வரவு. அவர் பிள்ளை புகைத்தால் வழக்கு.

*

"என்ன சார், கஞ்சாவும் பிராந்தியும் ஒண்ணா? கஞ்சா எவ்வளவு பயங்கரம்!" என்பார்கள். சரி, அதையும் பார்த்துவிடுவோம்.

இந்தக் கேள்வியை வெள்ளைக்காரன் நம்மைவிட நிதானமாகக் கேட்டிருக்கிறான். இந்தியாவில் கஞ்சாவால் மக்கள் பைத்தியமாகிறார்களாமே என்று 1893ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வி எழ, ஒரு கமிஷன் போட்டார்கள். ஏழு உறுப்பினர்கள், அதில் மூன்று பேர் இந்தியர்கள். ஊர் ஊராகப் போய் 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கி, மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் அறிக்கை கொடுத்தார்கள். சாரம் இதுதான்: அளவோடு உபயோகிக்கிறவர்களுக்குப் பெரிய கெடுதல் எதுவும் தெரியவில்லை, அளவு மீறினால் கெடுதல் உண்டு, முழுத் தடை வேண்டாம், லைசென்ஸ் கொடுத்து வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள். வெள்ளைக்காரனுக்கு வரி மேல் கண் இருந்தது என்பது வாஸ்தவம். அதற்காக 1,193 சாட்சிகளையும் தூக்கிப் போட்டுவிட முடியாது.

1961ல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தபோது கஞ்சா, ஹெராயின் இருந்த வரிசையிலேயே போய் உட்கார்ந்தது. செடியின் பூவுக்கும் பிசினுக்கும்தான் தடை. தனியாகப் பறித்த இலைக்கு விலக்கு. நம் 1985 சட்டத்திலும் அதே விலக்கு இருக்கிறது. அதனால்தான் காசியில் அரசு அனுமதியோடு பாங் கடை நடக்கிறது. 2009ல் அங்கே போயிருந்தபோது இந்தக் கட்டுரையாளனும் ஒரு தம்ளர் 'தண்டாய்' வாங்கிக் குடித்தான். அதற்குப் பிறகு கங்கைப் படித்துறையில் ஒரே படியை மூன்று தடவை எண்ணினான். யாரும் கைது செய்யவில்லை. அதே செடி, இலையென்றால் பிரசாதம், பூவென்றால் சிறை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தானவை என்ற நாலாவது பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தபோது 27க்கு 25 என்று ஓட்டு விழுந்தது. எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்டதில் இந்தியாவும் ஒன்று. வெளியே இப்படி ஓட்டு. உள்ளே சட்டம் அப்படியே.

கெடுதலில் எது பெரிது? 2010ல் பிரிட்டனில் டேவிட் நட் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் 20 போதைப்பொருட்களை எடுத்து, குடிப்பவருக்கு என்ன கெடுதல், கூட இருப்பவர்களுக்கு என்ன கெடுதல் என்று மார்க் போட்டார்கள். நூற்றுக்கு மதுவுக்கு 72, ஹெராயினுக்கு 55, புகையிலைக்கு 26, கஞ்சாவுக்கு 20. முந்தைய வருஷம்தான் இவரை அரசின் ஆலோசனைக் குழுத் தலைவர் பதவியிலிருந்து தூக்கியிருந்தார்கள். மது இதைவிட மோசம் என்று சொன்ன வாய்க்குக் கிடைத்த பரிசு!

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2019ல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் எடுத்த கணக்கெடுப்பில், இந்தியாவில் மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, கஞ்சா வகையறா உபயோகிப்பவர்கள், பாங் உட்பட, சுமார் 3 கோடி. குடியால் சிக்கலாகி உதவி தேவைப்படுகிறவர்கள் 5 கோடியே 70 லட்சம்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். ஒன்றை அரசே தெருவுக்குத் தெரு வைத்து விற்கிறது, இன்னொன்றைத் தேடிப் பிடித்து ஒளிந்து வாங்க வேண்டியிருக்கிறது. மொத்தக் கெடுதலை அப்படியே நிறுத்துப் பார்த்து "பார்த்தீர்களா, கஞ்சா சாது!" என்றால் அது தராசில் கல்லை மாற்றி வைக்கிற வேலை. கஞ்சாவையும் 4,800 கடைகளில் விற்றுப் பார்த்தால்தான் அதன் சாயம் தெரியும். அந்தச் சோதனையை நம் பிள்ளைகள் மேல் நடத்திப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

*

மதுரையில் என் பெரியம்மா மகள் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா. அவர் மகன் 17 வயதில் கஞ்சா புகைக்க ஆரம்பித்தான். தினமும். 20 வயதில் அவனுக்கு மட்டும் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. சாப்பாட்டில் அம்மா ஏதோ கலக்கிறாள் என்று தட்டைத் தள்ளினான். இன்றைக்கும் மாத்திரையில்தான் இருக்கிறான். டாக்டர் கெட்டிக்காரர். "கஞ்சாவால் மட்டும்தான்னு சொல்ல மாட்டேன். உள்ளே ஒரு வாகு இருந்திருக்கலாம். ஆனா எரியறதுல எண்ணெய் ஊத்தினது அதுதான்" என்றார். சின்ன வயதில் தொடங்கி, தினமும், வீரியம் கூடினதாகப் புகைத்தால் மனச்சிதைவு அபாயம் கூடுகிறது என்பது இன்று மருத்துவ உலகம் பொதுவாக ஒப்புக்கொள்கிற விஷயம். தொடுகிறவர்களில் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார்கள், பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர் என்றும் கணக்குச் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "டேய் தம்பி, நீ என்ன வேணா எழுது. அந்தக் கருமத்தை நல்லதுன்னு மட்டும் எழுதிப்புடாத" என்றார்.

எழுதவில்லை அக்கா.

ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "குரல் கேக்குதுன்னு அவன் சொன்னதுக்கும் டாக்டர்கிட்ட போனதுக்கும் நடுவுல ஒரு வருஷம் இருக்கே, ஏங்க்கா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "டாக்டர்கிட்ட போனா கஞ்சான்னு சொல்லணும். சொன்னா போலீஸ் கேஸாயிருமோன்னு அவுக பயந்தாக. புள்ளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கு, தங்கச்சி ஒருத்தி இருக்கா... அப்படியே தள்ளிப் போட்டோம்டா."

இதே சட்டத்தில், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொள்கிறவர் மேல் உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு நடத்தக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. 64ஏ. சிறு அளவு வழக்கில், தண்டிப்பதற்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிற பிரிவும் இருக்கிறது. 39. அக்காவுக்கு இரண்டும் தெரியாது. போலீஸ் தெரியும். சட்டத்தின் முன்வாசலில் லத்தியோடு ஆள் நிற்கும்போது, கொல்லைப்புறம் ஒரு கதவு திறந்திருக்கிறது என்று எந்தத் தாய்க்குத் தெரியும்?

கஞ்சா கெடுதல் என்பதால்தானே சட்டம் போட்டோம். அந்தச் சட்டமே கெட்டுப்போனவனை ஆஸ்பத்திரிக்கு ஒரு வருஷம் தாமதமாக அனுப்புகிறது என்றால், யாரைக் காப்பாற்றுகிறோம்?

*

இந்த விவாதத்தில் ஒரு பலமான வாதம் உண்டு. வாசகர்களில் பாதிப்பேர் மனதில் இப்போது அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். "ஒன்றைத் திறந்துவிட்டது தப்பு என்றால், அதை மூடு. அதை விட்டுவிட்டு இன்னொன்றையும் திறப்பாயா?"

நியாயமான கேள்வி. மூடிய ஊரைப் பார்க்கலாம். பீகார் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு கொண்டுவந்தது. குடித்தவனுக்கெல்லாம் சிறை என்றார்கள். நீதிமன்றங்களில் ஜாமீன் மனுக்கள் மலை போல் குவிந்தன. 2021ல் அன்றைய தலைமை நீதிபதி ரமணாவே, தொலைநோக்கு இல்லாமல் சட்டம் போட்டதற்கு உதாரணமாக இதைச் சொன்னார். 2022ல் சட்டத்தைத் தளர்த்தி, முதல் தடவை பிடிபட்டால் அபராதத்தோடு விடலாம் என்றார்கள். அதே வருஷம் டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள்.

திறந்திருந்த ஊர் மட்டும் தப்பியதா? 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தார்கள். டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. பாக்கெட் சாராயம் அதைவிட மலிவு, அவ்வளவுதான். மூடினாலும் சாவு, திறந்தாலும் சாவு. ஆகவே 'மூடுவதா, திறப்பதா' என்ற கேள்வியே அரைகுறையானது என்று எனக்குப் படுகிறது.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். போர்த்துகல் 2001ல், சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவு வைத்திருப்பது எந்தப் போதைப்பொருளாக இருந்தாலும் கிரிமினல் குற்றம் இல்லை என்றது. சட்டப்படி விற்கவும் அனுமதிக்கவில்லை. பிடிபட்டவன் போக வேண்டியது கோர்ட்டுக்கு அல்ல, மூன்று பேர் கொண்ட ஒரு குழுவிடம். சிகிச்சைக்கான வசதியையும் கூடவே பெருக்கினார்கள். நாடு குட்டிச்சுவராகவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020ல் ஓட்டெடுப்பு நடத்தி அதைப் பின்பற்றியது. போலீஸை விலக்கினார்கள். டாக்டர் வந்து சேரத் தாமதமாயிற்று. தெருவில் போதைக் கூட்டம் பெருகியதாக ஜனங்கள் கொதிக்க, 2024ல் பழையபடி குற்றமாக்கினார்கள். தாய்லாந்து 2022ல் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில், மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பி வந்தார்கள்.

போலீஸ் போனால் போதாது, டாக்டர் வர வேண்டும் என்பது ஓரிகன் சொல்லும் பாடம். போலீஸ் போன இடத்தில் வியாபாரி வந்து உட்கார்ந்தால் என்னாகும் என்பது தாய்லாந்து பாடம். நமக்கு அந்த இரண்டாவது பாடத்துக்குத் தாய்லாந்து வரை போக வேண்டியதே இல்லை. தெருமுனைக்குப் போனால் போதும்.

*

இனி அண்ணன் கேட்ட நியாயத்துக்கு வருகிறேன்.

மது விஷயத்தில் சட்டம் என்ன செய்கிறது? குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் பிடிக்கிறது. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம். குடித்துவிட்டு மனைவியை அடித்தால் அதற்குச் சட்டம் இருக்கிறது. 2005லேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. 21 வயதுக்குக் கீழே உள்ளவனுக்கு விற்கக்கூடாது என்கிறது. அதாவது, குடித்தவன் என்ன செய்தான் என்று பார்க்கிறது. கஞ்சா விஷயத்தில் அவன் என்ன செய்தான் என்று பார்ப்பதில்லை. அவன் பையில் என்ன இருந்தது என்று பார்க்கிறது.

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேயத் தத்துவஞானி 1859ல் சுதந்திரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்க மட்டுமே ஒரு மனிதனைச் சட்டம் கட்டாயப்படுத்தலாம், அவன் நன்மைக்காக என்று சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அவர் கட்சி. 'எனக்கு மட்டும்தானே கெடுதல்' என்ற வசனத்தை நம் ஊரில் சொன்னால் பெண்கள் விளக்குமாற்றை எடுப்பார்கள். இங்கே எந்தக் குடிகாரனும் தனியாகக் கெடுவதில்லை. தாலி, வாடகை, பிள்ளையின் ஃபீஸ் எல்லாம் கூடவே போகிறது. ஆனால் மில் இதையும் யோசித்திருக்கிறார். குடும்பத்தைக் காப்பாற்றாமல் விட்டவனைத் தண்டிக்கலாம், கடமை தவறியதற்காக. குடித்துவிட்டு ஒருமுறை வன்முறை செய்தவன் மேல் தனிக் கட்டுப்பாடு போடலாம். சிறுவர்களுக்கு இந்தச் சுதந்திரப் பேச்சே கிடையாது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு அந்த ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போனால், உள்ளே இருக்க வேண்டியவர் யார்? வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான். அதை என்னைவிட நன்றாக அவரே தெரிந்து வைத்திருந்தார். அதனால்தான் கேட்டார்.

மில் வேண்டாம், நம் வள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார், பத்துக் குறள். திட்டுகிறார், கேலி செய்கிறார், பெற்ற தாயின் முகத்தை நினைவுபடுத்துகிறார். தண்டனைக்கு அஞ்சாத மனிதர் அவர். செங்கோன்மையில் கொடியவர்களுக்குக் கடுந்தண்டனை சொன்னவர். ஆனால் கள் குடித்தவனைச் சிறையில் தள்ளு என்று அந்தப் பத்தில் ஒன்றில்கூட அரசனிடம் சொல்லவில்லை. வெட்கப்பட வைக்க வேண்டியது வேறு, விலங்கு மாட்ட வேண்டியது வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோச்சு. ஒன்று மட்டும் மறக்கவில்லை. கணக்குப் பதிவில் 'விதிப் பிழை' என்று ஒன்று உண்டு. மெஷின் வாங்கிய செலவைக் கொண்டுபோய் ரிப்பேர் செலவுக் கணக்கில் எழுதிவிடுவது போல. தொகை சரி, தேதி சரி. பேரேட்டில் கணக்கு மட்டும் தப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், ட்ரையல் பேலன்ஸ் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் கச்சிதமாக டேலி ஆகும். தப்பு நடந்ததே தெரியாது. எங்கள் புரொஃபசர் சொல்வார், "டேலி ஆகாத தப்பு ஒரு ராத்திரியில மாட்டிக்கும்டா. டேலி ஆகிற தப்புதான் கம்பெனியை மூழ்கடிக்கும்."

நாம் செய்திருப்பது அதுதான். மதுவைக் கொண்டுபோய் வருமானக் கணக்கில் எழுதினோம். கஞ்சாவைக் கொண்டுபோய்க் குற்றக் கணக்கில் எழுதினோம். வருமானம் ஏறுகிறது, கைதுகள் ஏறுகின்றன, இரண்டு பக்கமும் டேலி. இரண்டையும் எழுதியிருக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. உடல்நலக் கணக்கு. அதில் இன்றைக்கும் பக்கம் காலி.

அதனால் என் கட்சி இதுதான். கஞ்சாவை விற்கிறவன், கடத்துகிறவன், பள்ளிக்கூட வாசலில் நிற்கிறவன் மேல் சட்டம் பாயட்டும். அரசோ, தனியாரோ அதற்குக் கடை திறக்க வேண்டாம். ஒரு டாஸ்மாக் பார்த்தது போதும். ஆனால் சொந்த உபயோகத்துக்கு இரண்டு பொட்டலம் வைத்திருந்த பையனைக் குற்றவாளி என்று முத்திரை குத்தாதீர்கள். அவனை ஒரு டாக்டர் முன்னால், ஒரு ஆலோசகர் முன்னால் உட்கார வையுங்கள். அந்த டாக்டருக்கும் ஆலோசகருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், 45,000 கோடி வரவு எழுதுகிற பேரேட்டைப் பாருங்கள். அண்ணன் முப்பது வருஷமாகக் கட்டிய சந்தா அது. அவருக்கும் சிகிச்சை பாக்கி இருக்கிறது.

இதில் ஓட்டை இல்லை என்று நான் சொல்லவில்லை. 'சொந்த உபயோகம்' என்று சொல்லி விற்கிறவன் தப்பிப்பான். பயம் விட்டுப்போய்ப் புதிதாகச் சிலர் தொட்டுப் பார்ப்பார்கள். அதில் ஒருவன் என் அக்கா மகனாகவும் இருக்கலாம். அந்தச் சாத்தியத்தை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. ஆனால் சட்டம் முழுக் கடுமையோடு இருந்தபோதும் அவன் புகைத்தான். சட்டத்தால் அவனைத் தடுக்க முடியவில்லை. அவன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் தடுக்க முடிந்தது.

*

பையனுக்கு ஒன்பதாவது நாள் ஜாமீன் கிடைத்தது. பாலிடெக்னிக்கில் கடைசி செமஸ்டர் போயிற்று. இப்போது ஒரு டூவீலர் மெக்கானிக் கடையில் இருக்கிறான். கஞ்சாவை விட்டுவிட்டதாகச் சொல்கிறான். நான் நம்புகிறேன். எந்தக் கம்பெனியில் வேலைக்குப் போட்டாலும் போலீஸ் சரிபார்ப்பு என்று ஒரு கட்டம் வருகிறது, அங்கே நின்றுவிடுகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா, வாய்தா, வாய்தா.

போன வாரம் சட்டை வாங்கப் போனபோது அண்ணனிடம், உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். பேர் போடாதீங்க என்றார். போடமாட்டேன் என்றேன்.

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானும் அவன்கூடப் போறேன் சார். கோர்ட்டுல அவன் பேரைக் கூப்பிடறப்பல்லாம் அவன் சாதாரணமாத்தான் போய் நிக்கிறான். எனக்குத்தான் கை நடுங்குது."

மணி 8 ஆகியிருந்தது. தார்ப்பாயை இழுத்து வண்டியை மூடினார். அன்றைய வசூலை எண்ணி, ஒரு பங்கைத் தனியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எந்த உரிமையில் சொல்வது? என் அலமாரியில் பாதி காலியான பாட்டில் ஒன்று இருக்கிறது. அதற்கு பில்லும் இருக்கிறது.